புகாரின் முதல் வரி

மாலையில் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்த இரு பெண்கள் அமர்ந்திருந்தனர்.

“டோர் பிரவுசர்ல அனுப்பினா பகவானுக்கே தெரியாதுன்னியேடி,” என்றார் மூத்தவர்.

“ஆமாக்கா. எந்த ஊர்லேருந்து, எந்த கம்ப்யூட்டர்லேருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. பேரு போட்டீங்களா?”

“இல்லை.”

“உங்க பழைய மெயில்லேருந்து அனுப்பிட்டீங்களா?”

“நீ புதுசா ஆரம்பிச்சுக் கொடுத்தியே, அதுலேருந்துதான்.”

“அப்புறம் என்ன பயம்? காலாவதியான மாத்திரைக்கு மேனேஜர் புதுத் தேதி ஒட்டறாருன்னு ஹெட் ஆபீஸுக்கு எவனோ எழுதியிருக்கான். அவ்வளவுதான்.”

“மேல ‘ஸ்ரீமதே நாராயணாய நம:’ போட்டுட்டேன்.”

இளையவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

“மொட்டைக் கடுதாசிக்கு எதுக்குக்கா அதெல்லாம்?”

“எது எழுதினாலும் அதைப் போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேன். என் லீவ் லெட்டர்லகூட இருக்கும். அதுல மேனேஜர்தானே கையெழுத்துப் போடறார்.”

“நம்ம ஆபீஸ்ல வேற யாராவது அப்படி…”

“நான் ஒருத்திதான். ஹெட் ஆபீஸ் அந்தப் புகாரை அப்படியே அவருக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருக்காம். இன்னிக்கு அவர் லீவு. நாளைக்கு வந்து படிப்பார். வேலை போயிடும்டி.”

பேருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தது. மாம்பழச்சாலையில் இளையவள் எழுந்தாள்.

“அக்கா, அந்த மெயிலை யார் ஆரம்பிச்சுக் கொடுத்தாங்கன்னு கேட்டா…”

“சொல்ல மாட்டேன்.”

“நாளைலேருந்து நான் வேற பஸ்ல வரேன்க்கா. தப்பா நினைச்சுக்காதீங்க.”