பெஞ்சமின் இடத்தில் ஒரு கையெழுத்து

காப்பி ஆறிவிடும், குடியுங்கள். கலும்பாங்கிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறீர்கள், அதுவும் பெண் விசாரிக்க. இந்தக் காலத்தில் போட்டோவைப் பார்த்தே கல்யாணத்தை முடித்துவிடுகிறார்கள். உங்கள் மகனுக்குக் கங்காவைக் கேட்கும் முன், அவள் அத்தை புருஷனிடம் நாலு வார்த்தை கேட்டுப் போகலாம் என்று தோன்றியதே, அது பெரிய மனிதத்தனம். நான்தான் சேது. தோட்டத்து லோரி ஓட்டுகிறேன். கங்காவின் அப்பா செல்லன், என் மனைவி லீலாவதிக்கு அண்ணன்.

நீங்கள் கேட்கத் தயங்குவதை நானே கேட்டுவிடுகிறேன். பெண்ணின் அப்பா, தங்கை புருஷன் காசைத் தின்றுவிட்டு மருந்து குடித்துச் செத்தவராமே? பஸ்ஸை விட்டு இறங்கியதும் எவனாவது சொல்லியிருப்பான். இந்தத் தோட்டத்து ஆட்களுக்கு மற்ற வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டும், இந்த வேலையைச் சும்மாவே செய்வார்கள். மருந்து குடித்தது உண்மை. மற்றதைச் சொல்கிறேன்.

செல்லன் மச்சான் இங்கே மண்டோராக இருந்தார். செம்பனைக் குலை வெட்டுகிறவர்களை மேய்க்கும் வேலை. கோயில் சாவி அவரிடம்தான் இருக்கும். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்குப் பக்கத்து வீட்டில் நீங்கள் குடியிருந்திருக்கிறீர்களா? அதற்கு மழையில் செம்மண் பாதையில் லோரி ஓட்டுவது மேல்.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் முதலில் வீடியோ வாங்கியவன் நான். கலர் டிவி, சோபா, எல்லாம் தவணையில். சனிக்கிழமை ஆனால் பாதி லயம் என் வீட்டுத் தரையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். படம் முடிந்ததும் எழுந்து போய், சேதுவுக்குக் கழுத்துவரை கடன் என்று பேசும். எண்பத்தைந்தில் செம்பனை எண்ணெய் விலை சரிந்து, லோரிக்கு ஓவர்டைம் நின்றபோது அந்தப் பேச்சு உண்மையாகிவிட்டது. மளிகைக் கடைக்காரர் மரியாதையை விட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். கூட்டுச் சீட்டு நடத்தும் வேலம்மா வாசலில் வந்து உட்கார்ந்தாள். லீலாவதி அண்ணனிடம் போய் அழுதாள்.

மச்சான் ஒவ்வொரு கடன்காரரையும் தேடிப் போனார். "வட்டிய நிப்பாட்டுங்க. அசல மாசா மாசம் பிரிச்சு நான் கொண்டாந்து தாரேன். எம் மாப்ள இனிமே புதுசா ஒரு காசு கடன் வாங்க மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு" என்றாராம். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். என் வாக்குக்கு ஒரு தீப்பெட்டி தரமாட்டார்கள், அவர் வாக்குக்கு வட்டியையே விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு என் சம்பள நாள் எப்படி இருந்தது தெரியுமா? கோயில் படியில் மச்சான் உட்கார்ந்திருப்பார். நான் போய், எல்லார் கண்ணுக்கும் முன்னால், சம்பளத்தை அவர் கையில் வைக்க வேண்டும். அங்கேயே கடன்காரர்களுக்குப் பிரிப்பார். வீட்டுச் செலவை லீலாவதியிடம் கொடுப்பார். கடைசியாகக் கொஞ்சம் சில்லறையை எடுத்து, "இந்தா மாப்ளே, உன் ரொக்கோ செலவுக்கு" என்பார். சிகரெட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு நடக்கிறவனை, தலை நரைத்தவனை, பொடிப்பயல்கள்கூட நின்று பார்த்தார்கள். மச்சானுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நல்லவர் அல்லவா.

கோலா சிலாங்கூரில் ஒரு கார்க்கடை வாசலில் அந்தப் பழைய டட்சன் நின்றது. வெள்ளை நிறம். முன்பணத்துக்கு வழி இருந்தது, தோட்டத்துக்குத் தெரியாமல் லோரியில் மணல் ஏற்றிய காசு. மாதத் தவணையும் அதிலேயே வந்துவிடும். கடன் கொடுக்கும் கம்பெனிக்கு ஜாமீன் நிற்க ஓர் ஆள்தான் வேண்டும். யார் என்று கேட்டான் கார்க்கடைக்காரன். என் வாயில் மச்சான் பெயர்தான் வந்தது. அந்தப் பெயருக்குத்தானே மதிப்பு.

ஆனால் மச்சான் எவனுக்கும் ஜாமீன் நிற்கமாட்டார். அவர் அப்பா யாருக்கோ நின்று மாடு கன்றையெல்லாம் இழந்தவராம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார். அதனால் நான் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. கம்பெனி ஃபாரத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"மச்சான், நீங்க எனக்காக வாயால வாக்குக் கொடுத்தீங்க. நான் எழுத்துலயே கொடுக்கறேன். இனிமே கடனே வாங்க மாட்டேன்னு மலாய்ல எழுதியிருக்கு. நீங்க சாட்சி போடணும்."

அவர் கண் கலங்கிவிட்டது. தன் மனைவி சின்னத்தாய் அண்ணியைக் கூப்பிட்டு, "பாத்தியாலா, எம் மாப்ள தானாவே பத்திரம் எழுதிக்கிட்டு வந்திருக்கு" என்றார். எனக்குப் பலகாரம் வந்தது.

மச்சானுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். மலாயை எழுதுகிற ஆங்கில எழுத்தை லோரி நம்பர் பார்த்துப் பழகியவர், கூட்டிக் கூட்டிப் படிப்பார். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டுக்குக் கீழே விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

"பெ... ன்... ஜா... மின். யாரு மாப்ளே இது, பெஞ்சமின்?"

நீங்கள் மலாய் படித்தவராகத் தெரிகிறீர்கள், உங்களுக்குப் புரிந்திருக்கும். ஜாமீன் நிற்பவருக்கு மலாயில் பென்ஜாமின் என்பதுதான் சொல். அப்பன் காலத்திலிருந்து பயந்து ஓடிய சொல் அவர் விரலுக்கடியிலேயே கிடந்தது. அவர் அதில் ஒரு கிறிஸ்தவரைப் பார்த்தார். இப்படி ஒரு ஆள் வாக்கை நம்பித்தான் கடன்காரர்களெல்லாம் வட்டியை விட்டார்கள்.

"அந்த ஆபீஸ் பெரியவரு பேரு மச்சான். அவரும் ஒரு சாட்சி" என்றேன்.

"அவரு எடத்துல நான் போட்டா கோவிச்சுக்க மாட்டாரா?"

"போடுங்கலா. அவரு கீழ போட்டுக்குவாரு."

தமிழில், ஒரு புள்ளி விடாமல் போட்டார். ஐ.சி. அடையாள அட்டை நம்பரையும் அவரே சொன்னார். நான் அங்கே சிரிக்கவில்லை. லோரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் சிரித்தேன்.

கார் வந்தது. ரவாங்கில் வேலை செய்யும் என் தம்பியுடையது, ஓட்டி வைத்திருக்கச் சொன்னான் என்றேன். அதை நான் ஒரே ஆளிடம்தான் சொன்னேன், மச்சானிடம். அவர் தோட்டம் முழுக்கச் சொன்னார். சுங்கை ஆயர் தாவாரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, காரின் முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவரைவிடச் சந்தோஷமான ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை.

பிறகு மணல் விஷயம் தோட்டத்து ஆபீஸ் கிராணிக்குத் தெரிந்து நின்றுபோயிற்று. தவணையும் நின்றது. கம்பெனி எனக்கு எழுதியது, அவருக்கும் எழுதியது. தோட்டத்துத் தபால் பையைப் பட்டணத்திலிருந்து கொண்டுவருவது என் லோரிதான். அவருக்கு வந்ததெல்லாம் வழியில் ஆற்றோடு போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை இழுத்துப் போக ஆட்கள் வந்தார்கள். லயமே வெளியில் நின்றது. மச்சான் முன்னால் வந்து, மண்டோர் குரலில், "இது இவன் தம்பி காடி. யாரும் தொடக்கூடாது" என்றார். வந்தவர்களில் ஒருவன் தமிழன். காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"செல்லன்கறது நீங்கதானே பெரியவரே? நீங்கதான் ஜாமீன் நின்னிருக்கீங்க. இது உங்க கையெழுத்துத்தானே?"

மச்சான் வெகுநேரம் பார்த்தார். "கையெழுத்து என்னோடதுதான் தம்பி. ஆனா இது கடன் வாங்க மாட்டேன்னு எழுதுன பத்திரம்ல. நான் சாட்சி. ஜாமீன் இல்ல. கேட்டுப் பாருங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் கோபம் இல்லை. நான் விளக்கிவிடுவேன் என்று காத்துக்கொண்டு நின்றார். அந்த நம்பிக்கைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் குரலை உயர்த்தவில்லை. "மச்சான், மாசா மாசம் உங்க கையிலதானே கொடுத்தேன். காடிக்குக் கட்டலையா?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இதுவரை நான் சொன்னதில்லை.

மற்றதையெல்லாம் இந்தத் தோட்டம் தானாகவே கட்டிக்கொண்டது. நான் அவர் கையில் காசு வைத்ததை ஒவ்வொரு சம்பள நாளும் பார்த்தவர்கள்தானே. தம்பி கார் என்று பொய் சொன்னவரும் அவர்தானே. அவரிடம் பங்கு வாங்கிய கடன்காரர்களே, நமக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியைத் தின்றிருக்கிறான் என்றார்கள். அவ்வளவு காலம் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்களுக்கு என் ஒரு கேள்வி போதுமாக இருந்தது. கோயில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கேட்டுப் போனது வேலம்மா, அவள் கடனை முழுசாக அடைத்தவரும் மச்சான்தான்.

காரை ஏலம் விட்டும் பாக்கி நின்றது. கம்பெனி மச்சானிடம் கேட்டது. "கையெழுத்துப் போட்டது நான்தானே" என்று சொல்லி அண்ணியின் சங்கிலியை விற்றுக் கட்டினார். தப்பு செய்யாதவன் எதற்குக் கட்ட வேண்டும் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பிறகு அண்ணியும் சந்தேகப்பட ஆரம்பித்ததாகக் கேள்வி. அவள் சங்கிலி அல்லவா.

இப்போது எதற்கு உங்களிடம் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். கங்கா தினமும் காலையில் ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் என் லோரி போக வேண்டும். நான் போகும்வரை பார்ப்பாள். உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் எனக்கும் நிம்மதி. பெண் மேல் ஒரு குறையும் இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை வெளியில் சொன்னால் நான் இல்லை என்பேன். இங்கே யாரை நம்புவார்கள் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். லீலாவதி அடுப்படியில்தான் இருக்கிறாள், எல்லாம் காதில் விழும். அவள் பேசமாட்டாள். அண்ணன் போனதிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அடக்கமான பெண்.

கடைசி நாளையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மச்சான் சைக்கிளில் வந்தார். உள்ளே வரவில்லை. அதோ, அந்த வாசலில் நின்றார்.

"மாப்ளே, ஊருக்குச் சொல்ல வேணாம். சின்னத்தாய்கிட்ட மட்டும் சொல்லிடு. அவரு காசத் திங்கலன்னு ஒரு வார்த்தை. போதும்."

"பாக்கலாம் மச்சான்" என்றேன்.

தலையை ஆட்டினார். சைக்கிளின் பின்னால் ஒரு பாட்டில் கட்டியிருந்தது. சோடா பாட்டில், ஆனால் உள்ளே இருந்தது சோடா இல்லை. தோட்டத்தில் வேலை செய்த எவனுக்கும் அந்த நிறம் தெரியும். புல்லுக்கு அடிக்கிற மருந்தை ஞாயிற்றுக்கிழமை எவனும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கை நீட்டினால் எடுத்திருக்கலாம். கொடுத்தும் இருப்பார், அப்படிப்பட்ட ஆள்தான். ஆனால் அவர் இருக்கும்வரை வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டே இருப்பார். என்றைக்காவது ஒரு முட்டாள் அதை நம்பிவிடுவான்.

"மழை வருது மச்சான், சீக்கிரம் போங்க" என்றேன். போனார்.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டி, வேன், மாலை, கருமாதிச் சாப்பாடு எல்லாம் என் செலவு. ஊரில் ஒருத்தன் கை கொடுக்கவில்லை. என் கையில் அப்போது ஏது காசு? சபாக்கில் ஒருவனிடம் வட்டிக்கு வாங்கித்தான் செய்தேன், அண்ணியை ஜாமீன் போட்டு. சொந்த மச்சானுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன மனிதன்?