டிரம்முக்குள் முழுத் தேங்காய்

"தள்ளிப் போங்க! வெடிக்குது!"

ஸ்டெல்லா கத்துகிறாள். ஓடுகிறோம். முதலில் ஒரு 'டொப்'. பிறகு 'டமார்'. டிரம்மின் மூடி வாழைமரத்துக்கு மேலே போகிறது. என் தோளில் சூடான கரித்துண்டு.

எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறவர் எங்கள் தெருச் சங்கத் தலைவர். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். முதுகுக்குப் பின்னால் 'சொல்தா', அதாவது சிப்பாய். நேரில் 'முசே', ஐயா. ஓட்டத்தில் பயிற்சி தெரிகிறது.

இடம் புதுச்சேரி உப்பளம். எங்கள் தெருக் குழாயில் சாக்கடை வாடை. கொதிக்க வைத்தாலும் போகாது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் மகளுக்குச் சிறுநீரகத்தில் கல். நிறைய தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர். பிள்ளை ஒரு மிடறு குடிக்கும். வாந்தி எடுக்கும். சங்கத்திடம் முறையிட்டோம். தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தில் வாடை இல்லை.

குப்பைக்குப் போகும் கொட்டாங்கச்சிகளை வீடு வீடாக வாங்கினோம். காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கினோம். இடித்தோம். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் கழுவினோம். மிச்சம் ஒரே வேலை. டிரம்மில் மூடி மறுபடி சூடேற்ற வேண்டும். அப்புறம் அந்தக் கரி தண்ணீரின் வாடையை உறிஞ்சும்.

சொல்தாவுக்குச் செய்தி போனது. தொடக்க விழா என்றார். மைக் வந்தது. மாலை வந்தது. அவரே வாங்கி அவரே போட்டுக்கொண்டார். கற்பூரம் காட்டிய தேங்காயை டிரம்முக்குள் போடப் போனார்.

"ஒடைச்சிட்டுப் போடுங்க முசே" என்றாள் ஸ்டெல்லா.

"ஒடைச்சா சட்டையில தெறிக்கும்மா. கஞ்சி போட்டது."

"சூட்டுல வெடிச்சிடும் முசே."

"நான் பாக்காத வெடியா?"

கைதட்டினார்கள். மூடியை இறுக்கினார்கள். அடியில் தீ. மைக்கில் சொல்தா. தண்ணீருக்காக உயிரையும் கொடுப்பேன் என்றார். தேங்காய் அதுவரைதான் பொறுத்தது.

டிரம் சாக்கடைக்குள் சாய்ந்து கிடக்கிறது. கரி முழுவதும் சாக்கடையில். 'புஸ்' என்று நெடுநேரம் சத்தம். எந்த நாற்றத்தைப் போக்கச் செய்தோமோ அதிலேயே ஊறுகிறது.

தெருமுனையிலிருந்து சொல்தாவின் குரல்.

"நான்தாம்மா எல்லாரையும் ஓட வெச்சேன்!"

"ஆமா முசே. ஓடிக் காட்டுனீங்களே" என்றாள் ஸ்டெல்லா.

யாரும் சிரிக்கவில்லை.

இழப்பைக் குறித்துவைக்கிறேன். ஒரு டிரம். தெரு சேர்த்த கொட்டாங்கச்சி மொத்தமும். என் தோளில் ஒரு கொப்புளம். சொல்தாவின் சட்டையில் கறை இல்லை.

இன்று ஸ்டெல்லாவின் மகள் குடித்த குழாய்த் தண்ணீர், ஒரு மிடறு. அதுவும் தங்கவில்லை.