தூசி என்று குறித்தேன்

கேமராவின் கண்ணாடியைத் துடைக்க நான் பழைய பருத்தித் துணிதான் வைத்திருந்தேன். காகிதத்தால் துடைத்தால் கீறல் விழும். அதுகூடத் தெரியாத டாக்டரிடம்தான் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினேன் என்பதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுத்து, ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கசிவு குண்டூசி முனை அளவு புள்ளியாகத் தெரியும். லென்ஸில் தூசி இருந்தாலும் புள்ளிதான் விழும். ஆனால் தூசி என்றால் அடுத்த ஆளின் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். இவ்வளவுதான் சூட்சுமம். டாக்டரின் மண்டையில் இது கடைசிவரை ஏறவில்லை. நான் எழுதியதன் கீழே கையெழுத்துப் போடுவார்.

அப்புறம் படத்தைத் தானே பார்த்துச் சொல்லும் மென்பொருளை வாங்கினார். "இனிமே உங்களுக்குச் சிரமமில்ல, மெஷினே பாத்துக்கும்," என்று பல்லைக் காட்டினார். அதற்குக் கற்றுத்தர நாலாயிரம் படங்களில் எது கசிவு, எது தூசி என்று நான் குறித்துத் தர வேண்டுமாம். குறித்தேன். பெரிய கசிவைக் கசிவு என்றே விட்டுவிட்டேன், அது டாக்டருக்கே தெரிந்துவிடும். சிகிச்சை பலிக்கும் கட்டத்தில் இருக்கும் சின்னப் புள்ளிகளையெல்லாம் தூசி என்று குறித்தேன். சரிபார்க்க வேண்டியவர் ஒரு படத்தைக்கூடத் திறக்கவில்லை.

மெஷின் சொதப்பும், என்னிடம் ஓடி வருவார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. திரையில் 'நோய் இல்லை' என்று வந்ததும் நோயாளிகள் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட கூட்டம்.

எட்டாவது மாதம் என் அக்கா வந்தாள். நான்தான் படம் எடுத்தேன். வலது கண்ணில் பதினோரு புள்ளிகள், இடது கண்ணில் ஒன்பது. மெஷின் நோய் இல்லை என்றது.

"நீ பாத்தியாடா?" என்றாள்.

"மெஷினே பாத்துடுச்சுக்கா. அடுத்த வருஷம் வா."

அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் டாக்டர் மெஷினைச் சரிசெய்துவிட்டுச் சுலபமாகத் தப்பித்திருப்பார். அதில் எனக்குச் சம்மதமில்லை.

பார்வை போனவர்கள் பதினேழு பேர் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. அது தப்பு. பத்தொன்பது பேர். ஒவ்வொரு படமாகப் பார்த்து நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் விட்டால் நல்லது. அக்கா இப்போது சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்கிறாள். அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?