வீக்கம் தெரியாத வெளிச்சம்

— அசையாதடி குருவி! ரெண்டு செகண்டு உன்னால சும்மா இருக்க முடியாதா?

— மூக்கு அரிக்குது. ஃபிரெண்டோட ஸ்டூடியோவ எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தா, ஸ்டூல்ல உக்கார வச்சு உயிரை வாங்குற. பெரிய லைட்டைப் போட்டு டப்புன்னு எடுத்தா என்ன?

— அப்படி எடுக்கத்தான் தெருவுக்குத் தெரு கடை இருக்கே. இன்னைக்கு ஒரு அம்மா வர்றாங்க. உடம்புக்கு முடியல போல. முகம் வீங்கியிருக்கு, வீக்கம் தெரியாம மங்கலான வெளிச்சத்துல எடுப்பீங்களான்னு போன்ல கேட்டாங்க. ஓ, எடுப்பேனேன்னு வாயை விட்டுட்டேன். அதான் முன்னாடியே உன் மூஞ்சில பழகிக்கிறேன்.

— என் மூஞ்சி என்ன வீங்கியா கெடக்கு?

— உனக்குக் கன்னமே போதும், தங்கம். இந்தச் சின்ன விளக்குப் பக்கம் திரும்பு. மூச்சை அடக்கு... ம், முடிஞ்சுது. அய்ய, லாரி டயர்ல காத்து இறங்கின மாதிரி மூச்சு விடுறியே!

— சின்ன வயசுலேருந்து அப்படித்தான். பயம் விட்டுச்சுன்னா தானா வரும். எங்கக்கா கூட கிண்டல் பண்ணுவா. ஏய், பின்னாடி ஏதோ சத்தம் கேட்டுச்சு.

— வாசல்ல தொங்குற கறுப்புத் திரை காத்துக்கு ஆடும். யாராவது வந்தாலும், லைட் அணைஞ்சிருந்தா ஸ்விட்ச்சத் தொடாம, பேச்சுக் குடுக்காம ஓரமா உக்காரணும். அதான் இங்க சட்டம். அந்தம்மாகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அவங்க வர இன்னும் நேரம் இருக்கு.

— பெரிய கோர்ட்டு நடத்துற.

— சிரிப்பு ஒட்ட வச்ச மாதிரி இருக்கு, அதை எடு. யாருகிட்டயும் சொல்லாத ஒண்ண மனசுல நெனச்சுக்கோ. அப்பத்தான் முகம் அடங்கும்.

— அப்படி எங்கிட்ட எதுவும் இல்ல.

— அதைச் சொல்றப்பவே கண்ணு மாறிப்போச்சு பாரு. அப்படியே இரு! ம்... எடுத்துட்டேன். என்னடி, அழறியா?

— இருட்டா இருக்குல்ல. அதான்.

— அக்காவுக்கு ஏதாவது ஆயிடுச்சா? டயாலிசிஸ் ஒழுங்காப் போகுதுன்னியே.

— போகுது. ஊசி குத்திக் குத்தி இடது கையில நரம்பெல்லாம் முறுக்கின கயிறு மாதிரி புடைச்சுக் கெடக்கு. பாக்கவே முடியல.

— நீ என்னடி பண்ணுவ? கிட்னி குடுக்கத்தான் ஓடுன. பொருந்தலன்னுட்டாங்க.

— பொருந்துச்சு.

— என்ன?

— எல்லா டெஸ்டும் பொருந்துச்சு. நான்தான் டாக்டரைத் தனியாப் பாத்து, எனக்குப் பயமா இருக்கு, பொருந்தலன்னு சொல்லிடுங்கன்னு கெஞ்சினேன். இஷ்டம் இல்லாதவங்ககிட்ட எடுக்க மாட்டோம், காரணத்தையும் வெளிய சொல்ல மாட்டோம், பொருந்தலன்னே சொல்லிடறோம்னாரு.

— அடிப்பாவி!

— திட்டு. நல்லாத் திட்டு. ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒருத்தரை ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போனாங்கடி. ஒரு சக்கரம் மட்டும் கிறீச் கிறீச்னு... அதைக் கேட்டதும் நேரா டாக்டர் ரூமுக்கு ஓடிட்டேன்.

— அக்கா என்ன சொன்னாங்க?

— என்னையத் தேத்துனா! ஆரஞ்சு உரிச்சு, நாரெல்லாம் எடுத்துக் குடுத்து, "உன் தப்பா இது, சாப்பிடு"ன்னா. நானும் தின்னேன். ஒரு சுளை விடாம தின்னேன். அவளுக்கு மட்டும் இது தெரிஞ்சா, அந்த வாசப்படியவே நான் மிதிக்க மாட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?

— கண்ணைத் தொடச்சுக்கோ குருவி. இரு, எடுத்ததைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கறேன். கொஞ்சம் வெளிச்சம் கூட்டினா இருட்டுல இருக்கறதெல்லாம் மேல வரும்... இது மொதல்ல எடுத்தது. இது ரெண்டாவது... ஏய்.

— என்னடி?

— உனக்குப் பின்னாடி, திரைக்கிட்ட ஒரு நாற்காலி. மொத போட்டோவுல காலியா இருக்கு.

— சரி?

— ரெண்டாவதுல காலியா இல்லடி. யாரோ உக்காந்திருக்காங்க. முகம் தெரியல. மடியில பை... அது மேல ஒரு கை... முறுக்கின கயிறு மாதிரி...

— லைட்டைப் போடு. ஐயோ, லைட்டைப் போடுடி!

— போடாதீங்கம்மா, கண்ணு கூசும். ஓரமா உக்காரச் சொன்னீங்க, உக்காந்துட்டேன். நான்தான் கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேன்.

— அக்கா!

— அழாத பாப்பா.

— போட்டோவுக்கு வர்றதாச் சொன்னது நீயா? எதுக்குக்கா? இப்ப எதுக்கு உனக்குப் போட்டோ?

— வீட்டுல நல்லதா ஒண்ணு இருக்கட்டும்னுதான். இருக்கறதெல்லாம் வீங்கின மூஞ்சியா இருக்கு.

— அக்கா... நான் சொன்னதெல்லாம் கேட்டியா?

— கேட்டேன். புதுசா ஒண்ணும் இல்ல.

— என்னக்கா சொல்ற?

— பொருந்தலன்னு டாக்டர் சொன்னப்ப என் பக்கத்துலதானே உக்காந்திருந்த? டயர்ல காத்து இறங்கின மாதிரி ஒரு மூச்சு விட்ட பாரு, அப்பவே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா எங்க நீ வீட்டுக்கு வர்றதையே நிறுத்திடுவியோன்னுதான், பாப்பா, ஆரஞ்சை உரிச்சேன்.