கடுதாசி எழுதியவர்

"ஹலோ... ஆமாம்மா, மாஸ்டர்தான் பேசறேன்... படிச்சேன், படிச்சேன். ரெண்டு தடவை படிச்சுட்டேன்... அச்சுக்குப் போயிடுச்சா?... நாளைக்கா. சரி, சரி."

நாற்பது வருஷம் துணி வெட்டித் தைத்த அந்த மாஸ்டர் ரிசீவரை இடக்காதுக்கு மாற்றிக்கொண்டார். அவர் சொன்ன கதையைத்தான் எழுத்தாளரம்மா நாவலாக்கியிருந்தார். சீருடை தைக்கும் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்த இரண்டு ஆண்கள், அவர்களுக்குள் வந்த காதல். ஒருவர் மாஸ்டர். இன்னொருவனைக் கம்பெனியில் எல்லோரும் நெட்டையன் என்பார்கள்.

"அந்தக் காலத்துல ட்யூப் லைட் ஏதும்மா? குண்டு பல்புதான்... சட்டைக்கு ஆறு பட்டன், நாலு இல்ல... கற்பனைதான், ஒத்துக்கறேன். தைக்கிறவன் படிச்சா சிரிப்பான்ல?... ஆமா, ஆமா. அது உங்க இஷ்டம்."

பட்டனைப் பற்றிப் பேசவா மாஸ்டர் போன் போட்டார்? மறுமுனையில் பேச்சு முடியும் போலிருந்தது.

"இருங்க, வெச்சுடாதீங்க... அந்தக் கடுதாசி விஷயம்... இல்லம்மா, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. தப்பு உங்க மேல இல்ல. நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

இருவரில் ஒருவர் மற்றவருக்கு எழுதிய காதல் கடுதாசி சூப்பர்வைசர் கையில் சிக்கியது. கீழே பேரில்லை. எழுதியது யார் என்று இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நாவலில் நெட்டையன் மாஸ்டரைக் கைகாட்டிவிடுவான். மாஸ்டருக்கு வேலை போகும். பல வருஷம் கழித்து நெட்டையன் தேடி வந்து அழ, மாஸ்டர் மன்னித்துவிடுவார்.

"அவன் வாயே திறக்கலம்மா. எழுதினது நான். என்னைக் கேட்டப்போ... அவன்தான் எனக்கு எழுதினான்னு சொல்லிட்டேன்... ஆமா. நான்தான்... ஹலோ? இருக்கீங்களா?"

அன்று மதியமே வேலை போய், நெட்டையன் சாப்பாட்டு டப்பாவோடு கேட்டைத் தாண்டிப் போனான். மாஸ்டர் மாடி ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் மிஷினை ஒரு நொடிகூட நிறுத்தவில்லை.

"கதைதான், புரியுது... யாருக்கும் தெரியாதுதான். எனக்குத் தெரியுமே... மாத்திடுங்கம்மா. அவனைப் போய்க் காட்டிக் கொடுத்தவன்னு ஊரே படிக்கக் கூடாது... ம்... ம்... கடைசி அத்தியாயத்தையும் மாத்தறீங்களா?... நான் போய்க் கதவைத் தட்டறதா?... அவன் என்னை மன்னிச்சுடறானா?"

இத்தனை வருஷத்தில் யாரும் மாஸ்டருக்கு அப்படி ஒரு மன்னிப்பை நீட்டியதில்லை. சரி என்று சொன்னால் போதும், நாளைக்கு அச்சாகிவிடும். கதவைத் திறக்கும் அந்த முகம்கூட அவருக்குத் தெரிந்தது.

"வேணாம்மா... இல்ல, கேளுங்க. அவன் குடியிருந்த தெரு எனக்குத் தெரியும். பஸ் ஏறினா ரெண்டு மணி நேரம். அவன் சாகற வரைக்கும் நான் போகல... பல்பு, பட்டன் எல்லாம் உங்க இஷ்டத்துக்கு எழுதிக்கங்க. மன்னிக்கிறது அவன் பாடு. அவனைக் கேக்காம நாம ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்க முடியுமா?"

எழுத்தாளரம்மா ஏதோ சொல்லிக்கொண்டே போனார். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார்.

"எப்படி முடிக்கிறதா?... நான் போகலைன்னு முடிங்க."

ரிசீவரை வைத்துவிட்டார்.