குட்மார்னிங் எக்ஸர்சைஸ்

அப்பாதுரை: …பேச்ச வளக்காத சரசு. துணிமணிய மூட்ட கட்டிக்க. ஒங்கண்ணன் பொழிச்சலூர்லருந்து வந்துகினு கீறான்.

சரசு: இன்னாத்துக்கு? அங்க யாருக்கு இன்னா ஆச்சி?

அப்பாதுரை: அங்க ஒண்ணும் ஆவல. ஒன்னைக் கூட்டிகினு போவச் சொல்லி நான்தான் ஆள் அனுப்பிச்சேன்.

சரசு: நல்லா கீதே. நான் பூட்டா ஒன்னை யாரு பொரட்டிப் போடுவா? முதுகெல்லாம் புண்ணு வெக்கும்.

அப்பாதுரை: வெக்கட்டும்.

சரசு: முதுகு ஒடஞ்சி படுத்ததுலருந்து செவுத்தப் பாத்துக்கினே கெடந்த. சேந்தாப்ல நாலு வார்த்த பேசல. இன்னிக்கி வாயத் தொறந்த… தொறந்ததும் இதா?

அப்பாதுரை: விடியக்காலைல ஷெட்டுக்கு யாரு வர்றது?

சரசு: எந்த ஷெட்டு?

அப்பாதுரை: இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட கீதே, நான் ஜிம்மு நடத்துன ஷெட்டு. பூட்டிக் கெடக்குதுன்னு ஊருக்கே சொல்லிகினு கீறியே, அது.

சரசு: யாரும் வர்ல.

அப்பாதுரை: வெயிட்டு பிளேட்டு சத்தம் கேக்குது.

சரசு: பெருச்சாளியா இருக்கும்.

அப்பாதுரை: பெருச்சாளி இரும்பு பாரைத் தூக்கி ஸ்டாண்டுல வெக்குமா? இரும்பு மேல இரும்பு ஒக்கார்ற சத்தம் எனக்குத் தெரியாதா?

சரசு: மெதுவா பேசு. பக்கத்து வூட்டு கங்கையம்மா அடிபம்பாண்ட நிக்கிது.

அப்பாதுரை: நிக்கட்டும். ஆம்பள கொரலு கேட்டேன் சரசு. அவன் எதோ சொல்றான்… நீ சிரிக்கற. மறுபடியும் சொல்றான்…

சரசு: டிரான்சிஸ்டர்ல…

அப்பாதுரை: அதுக்கு பேட்ரி இல்லாம ஆடி மாசத்துலருந்து அலமாரில கெடக்குது. யாரவன்?

சரசு: …அட பாவி மனுசா. அதுக்கா அண்ணனக் கூப்ட்ட?

அப்பாதுரை: சிரிக்காத.

சரசு: சிரிக்காம? ஷெட்டுக்குப் போறது நான்தான்யா. ஒன்னைத் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சி. அடிபம்புல குனிஞ்சா நிமிர முடில. ஒன் பசங்க தெனம் செய்வானுங்களே, தோள்ல பாரை வெச்சிக்கினு சாமி கும்புடற மாரி குனிஞ்சி…

அப்பாதுரை: குட்மார்னிங் எக்ஸர்சைஸ்.

சரசு: அதான். அத்தத்தான் செய்றேன்.

அப்பாதுரை: பொய்யி. பொடவையக் கட்டிக்கினு பாரத் தூக்கறியா நீ?

சரசு: ஒன் பழைய பேண்ட்டப் போட்டுக்கினு. போதுமா?

அப்பாதுரை: …பாரு எங்க ஒக்காரணும்?

சரசு: பரீச்ச வெக்கறியா?

அப்பாதுரை: சொல்லு.

சரசு: கழுத்தெலும்புல வெக்கக் கூடாது. கொஞ்சம் கீழ, தோள் சதை மேல.

அப்பாதுரை: காலு?

சரசு: இடுப்பு அகலத்துக்கு. முட்டி லேசா மடங்கி நிக்கணும்.

அப்பாதுரை: குனியறது?

சரசு: குனியறதே இல்லய்யா அது. ரெண்டு கைலயும் கொடம் இருந்தா பின்னாலயே இடிச்சி கதவு சாத்துவமே… அந்த மாரி இடுப்பு பின்னால போவணும். முதுகு பலகையாட்டம் இருக்கணும். தொடைக்குப் பின்னால இழுத்துச்சின்னா அதோட நிறுத்திக்கணும்.

அப்பாதுரை: மூச்சு?

சரசு: எறங்கசொல்ல இழுத்துப் புடிச்சிக்கணும். நிமிந்ததும் குட்மார்னிங்னு சொல்லி உட்டுடணும். ஒன் ஜிம்மு பயக்கம்தான? பாரு சாஞ்சா புடிக்கறதுக்குப் பின்னால காவலா நிக்கறவன் திருப்பி குட்மார்னிங் சொல்லுவான், நான் கீறேன், பயப்படாதன்னு.

அப்பாதுரை: எடுத்ததுமே பிளேட்டு போட்டியா?

சரசு: வெறும் பாருதான் மொதல்ல. அப்பால கொஞ்சங் கொஞ்சமா. இப்ப இடுப்பு வலியே இல்ல தெரியுமா? முன்ன ஒன்னைப் பொரட்ட கங்கையம்மாவக் கூப்டுவேன். இப்ப ஒத்த ஆளா பொரட்டறேன்.

அப்பாதுரை: தெம்பாத்தான் கீற. பாத்தேன்… அதையும் தப்பாத்தான் நெனச்சேன்.

சரசு: நெனப்ப, நெனப்ப. அண்ணன் வரட்டும், சொல்றேன் ஒன் யோக்கியதைய.

அப்பாதுரை: இரு… அந்தக் கதவு சாத்தறது. அத்த யாரு சொன்னது ஒனக்கு?

சரசு: யாரு சொல்லுவா?

அப்பாதுரை: நான் பசங்களுக்கு அப்டி சொன்னதே இல்ல. முட்டிய வெறப்பா வெக்கத்தான் சொல்லுவேன். எனக்கே தெரியாதது ஒனக்கு எப்டித் தெரியும்?

சரசு: வெளாடறியா? நீதான சொன்ன.

அப்பாதுரை: நானா?

சரசு: மொத நாளு தப்பும் தவறுமா எழுந்து, சும்மா வாய்க்கு வந்துச்சேன்னு குட்மார்னிங்னேன். நீ திருப்பி குட்மார்னிங்ன. எனக்கு அழுவயே வந்துடிச்சி. பேசாத மனுசன் இத்தையாச்சும் சொல்றானேன்னு… அப்பால ஒண்ணொண்ணா நீயேதான சொல்லிக் குடுத்த. பகல்ல கேட்டா வெக்கப்படுவன்னு நான் பேச்செடுக்கல. இன்னிக்கி நீ தெரியாத மாரி கேட்டதும் நானும் அப்டியே மறச்சிப் பேசினேன்.

அப்பாதுரை: …கொரலு எங்கருந்து வரும்?

சரசு: முதுகுக்குப் பின்னாலருந்து. காதுகிட்டயே கேக்கும். மெல்லிசு செவுருதான இது.

அப்பாதுரை: பாரைத் தூக்கிக்கினு நீ எந்தப் பக்கம் பாத்து நிப்ப?

சரசு: ஒன் ரூம்பு செவுத்தப் பாத்துத்தான்… 

அப்பாதுரை: அப்ப பின்னாலருந்து கேக்கற கொரலு?

சரசு: செவுரு எனக்கு எதுத்தாப்ல… ஏன்யா? நீதான அது?

அப்பாதுரை: இன்னிக்கி இன்னா சொல்லிச்சி?

சரசு: சொல்லிச்சியா? நீ சொன்னது ஒனக்கே மறந்துடிச்சா… நாளைக்கிப் பெரிய பிளேட்டப் போடுன்ன. நீ உழுந்த அன்னிக்கி போட்டிருந்தியே, அதே வெயிட்டு.

அப்பாதுரை: அதே வெயிட்டா?

சரசு: இன்னாய்யா, இப்டி வேக்குது ஒனக்கு? மூட்டைய கட்டவா, வாணாமா? ஒண்ணு சொல்லு.

அப்பாதுரை: கட்டு. என் துணியையும் அதுலயே போடு. ஒங்கண்ணன் வந்தா உக்கார வெக்காத, தாம்பரம் போயி ஒரு மெட்டாடோர் வண்டி கூட்டியாரச் சொல்லு… நான் கால் வழுக்கி உழல சரசு. ஊருக்குச் சொன்னது பொய்யி. அன்னிக்கி ஷெட்டுல நான் மட்டுந்தான் இருந்தேன். நிமிந்து குட்மார்னிங்னேன்… பின்னாலருந்து பதிலு வந்துச்சி. தோள்ல பாரோட திரும்பிப் பாத்தேன்.