வாரண்டி முடிய ஒன்பது நாள்

எச்சில் தொட்டுக் காகிதம் புரட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, ஐயா. அதனால்தான் என் மேஜையில் ஒரு சின்ன டப்பாவில் எப்போதும் ஈரப் பஞ்சு இருக்கும். வங்கிகளில் பார்த்திருப்பீர்கள். சோதனைக்கு வந்த அன்று நீங்கள் முதலில் எடுத்து உறையில் போட்டது அந்தப் பஞ்சைத்தான் என்று சொன்னார்கள். கெட்டிக்காரர்தான் நீங்கள்.

செல்போன் சர்வீஸ் சென்டரில் பதினோரு வருஷமாக நான் வாரண்டிப் பரிசோதகர். வாரண்டி என்பது வாடிக்கையாளருக்குக் கம்பெனி கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டிய சங்கடம் கம்பெனிக்கு வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் பதினேழு நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்த ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். பன்னிரண்டாவது நிபந்தனை, தண்ணீர் பட்ட போனுக்கு வாரண்டி செல்லாது.

ஒவ்வொரு போனுக்குள்ளும் மிளகளவில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் உண்டு. ஈரம் பட்டால் சிவந்துவிடும். ஈரமே படாமல் வந்து தொலைக்கும் போன்களும் இருக்கின்றன. பஞ்சில் விரலை ஒற்றி, ஸ்டிக்கரை ஒரு தொடு தொட்டால் தீர்ந்தது. கூட வேலை செய்கிறவர்கள் என்னைத் 'தண்ணீர் டாக்டர்' என்பார்கள்.

மாதத்துக்கு நாலு போனுக்கு மேல் மாற்றித் தரக் கூடாது என்பது மேனேஜரின் வாய்மொழி உத்தரவு. அதைத் தாண்டாதவர் படம் வரவேற்பறைச் சுவரில் ஏறும். ஆறு மாதமாக என் படம்தான். என் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறாள். உங்களுக்கு அற்பமாகத் தெரியலாம். உங்கள் படம் எந்தச் சுவரிலாவது மாட்டியிருக்கிறதா, தெரியவில்லை.

அந்த அம்மாள் அந்த மாதத்தின் ஐந்தாவது ஆள். ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் சலவைக்கூடத்தில் வேலை. விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. வாரண்டி முடிய ஒன்பது நாள் இருந்தது.

"போன் கொதிக்குது சார். கையில பிடிக்க முடியல. பின்பக்கம் வேற தூக்கிட்டு வருது" என்றார். "வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். ஒரு கைதான் கொஞ்சம் அசையும். வேலைக்குப் போறப்போ இதை அவர் நெஞ்சு மேல வெச்சிட்டுப் போவேன். ஏதாச்சும்னா கூப்பிடுவார்."

உள்ளே கொண்டுபோய்த் திறந்தேன். பேட்டரி உப்பியிருந்தது. உப்பிய பேட்டரியை உடனே கழற்றி மணல் வாளியில் போட வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். ஸ்டிக்கர் வெள்ளைவெளேரென்று இருந்தது. பஞ்சைத் தொட்டேன்.

"தண்ணி போயிருக்கும்மா."

"பத்திரமாத்தானே சார் வெச்சிருந்தேன்" என்றவர் தன் விரல்களைப் பார்த்தார். அதற்குமேல் அவரோடு வாதாட வேண்டிய வேலை எனக்கு இருக்கவில்லை. நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தாராளமாப் போங்க. அது உங்க உரிமை" என்று சுவரில் இருந்த நுகர்வோர் உரிமைப் பலகையையே காட்டினேன். பிளாஸ்டிக் உறை போட்ட பலகை; தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

"அதுவரைக்கும் இதை வெச்சுப் பேசலாமா சார்?"

ஆபத்து என்று சொன்னால் எழுதித் தரச் சொல்வார். எழுதினால் அது ஐந்தாவது போன். "பேசலாம்மா. ஈரம் படாமப் பாத்துக்கங்க" என்றேன். தூக்கிக்கொண்டிருந்த பின்மூடியைப் பசை தடவி, அழுத்தி, பத்து நிமிஷம் கிளிப் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

நாலாம் நாள் பகலில் போன் வெடித்துத் தீப்பிடித்தது. அந்த ஒரு கையால் அவருக்கு அதைத் தட்டிவிட முடியவில்லை. அம்மாள் சலவைக்கூடத்தில் இருந்தார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பதினேழு நிபந்தனை எழுதியவர் யாரோ, நாலு என்று கணக்குச் சொன்னவர் யாரோ, உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பது நான். மேஜைக்கு மேலே கேமரா இருப்பதை மறந்தது மட்டும்தான் முழுக்க என் தப்பு.

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து அந்த அம்மாள் சென்டருக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று காவலாளியைப் பக்கத்தில் நிற்க வைத்தேன். அவர் சண்டை போடவில்லை.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க சார், தண்ணி போயிருக்குன்னு. இந்த ஈரக் கையாலதான் தினமும் அதை எடுத்து அவர் மேல வெச்சேன். நானே அவரைக் கொன்னுட்டேன் சார்."

நீங்கள் நினைப்பதுபோல் நான் கல்நெஞ்சக்காரனாக இருந்தால் அப்படியே எழுந்து போயிருப்பேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். "அழாதீங்கம்மா. நீங்க தெரியாமத்தானே செஞ்சீங்க" என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். அவருக்கு ஆறுதல் சொல்ல அன்று என்னை விட்டால் யாரும் இல்லை, ஐயா. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.